டிராகன் நெருப்பை ஒப்படைத்த கேட்

பதினோரு மணிக்கு எங்கள் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டி லேபிள் மிஷினில் ஏறிவிடும். சீசன் நேரம், ராத்திரி வரை இறங்காது. அதற்குள் பாண்டிமீனாவின் புத்தகம் அடித்து முடிய வேண்டும். மூன்று மணிக்குப் பள்ளியில் வெளியீட்டு விழா.

ஆறாம் வகுப்பு எழுத்தாளர் மேசைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். அவள் பெரியம்மா மகனான நான் கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தேன். மிஷின் ஓட்டும் சங்கையா அண்ணன் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஏலே, பதினேழு பக்கம் வருது. ஒரு தடவ மிஷின்ல ஏத்துற பாரம்னா பதினாறு பக்கந்தான். ஒத்தப் பக்கத்துக்கு இன்னொரு பாரமா ஓட்டுவாக? கடைசியத் தூக்கு."

"கடைசிப் பக்கத்துலதான் மாமா டிராகனுக்கு நெருப்பு திரும்பக் கெடைக்கும்," என்றாள் பாண்டிமீனா.

அவள் கதையில், வெம்பக்கோட்டை மழையை மேகக் கோட்டையில் ஒருவன் பூட்டி வைத்திருக்கிறான். அதை உடைக்க ராக்கெட் செய்யக் கற்றுக்கொள்ளலாமென்று டிராகன் பட்டாசு ஆலையில் வேலைக்குச் சேர்கிறது. கேட்டில் எல்லோரிடமும் செல்போன், தீப்பெட்டி வாங்கி வைப்பதுபோல, வாட்ச்மேன் அதன் நெருப்பையும் வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கிறார். விதி விதிதான்.

"அடுத்த புத்தகத்துல குடுத்துக்கிருவோம் தாயி," என்றார் சங்கையா அண்ணன்.

"அம்புட்டு நாளும் அது உள்ளயே கெடக்குமா? வேலைக்குப் போனவுக சாயங்காலம் வெளிய வரணும்ல?"

சங்கையா அண்ணன் கைத்துணியால் விரல் மையைத் துடைத்தார். அவர் சம்சாரமும் பாண்டிமீனாவின் அம்மாவும் விஸ்வநத்தம் பட்டாசு ஆலையில் ஒரே ஷெட்டில் வேலை பார்க்கிறார்கள்.

நான் எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன். எறும்புக்குக்கூடக் கண்ணாடி வேண்டியிருக்கும்.

"அண்ணே, மொதப் பக்கத்துல யாரு?" என்று என்னைக் கேட்டாள் பாண்டிமீனா.

பள்ளித் தாளாளர் ராஜபாண்டியன். வாழ்த்துரை நான்கு வரி. மீதி அவர் சால்வையோடு சிரிக்கும் படம்.

"அவரத் தூக்கிருங்க."

"ஏட்டி, விழா மைக்கே அவருதுதான்!"

"தூக்குலே, மணி ஓடுது," என்றார் சங்கையா அண்ணன்.

ஒரே பட்டனில் தாளாளர் போய்விட்டார்.

மூன்று மணிக்கு மேடையில் அதே தாளாளர் புத்தகத்தை உயர்த்திக் காட்டினார். முதல் பக்கத்தைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். உதறிக்கூடப் பார்த்தார். நான் வெளியே போகும் வழியைப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

"நம்ம படம் எங்க பாப்பா?" மைக் எல்லோருக்கும் சொன்னது.

"கேட்ல வாங்கி வச்சிருக்கோம் சார். சாயங்காலம் போகும்போது குடுத்துருவோம்."

தாளாளர் கதையைப் புரட்டினார். கேட் வந்த பக்கத்தில் நின்று படித்தார். பிறகு அவசரமாகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே டிராகன் டோக்கனைக் கொடுத்துவிட்டு நெருப்பை எண்ணி வாங்கிக்கொண்டிருந்தது.

அவர் மூச்சு விட்டது மைக்கில் கேட்டது.

"சரி, எனக்கு டோக்கன்?"

பாண்டிமீனா பாவாடைப் பைக்குள் கைவிட்டாள். எண் எழுதிய துண்டுக் காகிதம் ஒன்றைக் காலையிலேயே தயாராக வைத்திருந்தாள்.