சப்பரத்துக்குப் போன பேட்டரி

முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்கு அன்று லீவு. மிஞ்சிய கொட்டையை மேஸ்திரியிடம் வாங்கி வந்து, சொர்ணம் வீட்டு முற்றத்துத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தாள். சுட்ட கொட்டையைக் கல்லின் மேல் நிறுத்தி மரக்கட்டையால் ஒரு தட்டு. ஓடு பிளந்ததும் பருப்பு தட்டுக்குப் போகும், ஓடு குவியலுக்குப் போகும். விரல்களில் சாம்பல் பூசியிருந்தாள். பூசியும் ஓட்டின் எண்ணெய் விரல் நுனித் தோலைத் தின்று கறுப்பாக்கியிருந்தது. கவிழ்த்து வைத்த வாளியின் மேல் செல்போன் ஸ்பீக்கரில் பேசியது.

"தமிழுக்கு எண் இரண்டை அழுத்தவும்."

அழுத்தினாள். அவள் விரல் பட்டது திரைக்குத் தெரியவில்லை. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். அப்புறம் விரலை மடக்கிக் கணுவால் குத்தினாள். அதற்குள் அந்தக் குரல் இந்திக்குப் போய்விட்டது.

"கட் பண்ணிட்டு முதல்லேர்ந்து போடு" என்றான் உள்ளேயிருந்து புருசன் இன்னாசி.

"காலையிலேர்ந்து முதல்லேர்ந்துதான் போட்டுக்கிட்டு இருக்கேன்."

மறுபடி போட்டாள். இந்த முறை இரண்டு விழுந்தது. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு பெண் சொன்னாள். பிறகு பாட்டு வந்தது. பிறகு அதே பெண் அதையே சொன்னாள்.

"நல்ல பொண்ணா இருக்கு. எத்தன தடவ கேட்டாலும் கோவப்படாமப் பேசுது" என்று இன்னாசி மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான். "கல்யாணம் ஆயிருச்சான்னு கேளு. நம்ம எழிலுக்குப் பாக்கலாம்."

"பேசாம இருங்க. பேசுனா எளைக்கும்."

இன்னாசி கட்டிலில் முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்திருந்தான். மூக்கில் செருகிய குழாய் தரையோடு ஓடி ஆக்சிஜன் மெஷினில் முடிந்தது. பல வருசம் கிரஷரில் ஜல்லித் தூசிக்குள் நின்றவன். நெஞ்சு கல்லாகிவிட்டது என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். குழாயைக் கழற்றினால் கக்கூஸ் வரைக்கும்கூடப் போக முடியாது. மெஷின் கரண்டில் ஓடுவது. கரண்ட் போகும் ஊர் என்பதால், ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் சத்யபிரியா இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கிக் கொடுத்திருந்தாள். முதல் வருசம் கரண்ட் போனதே தெரியாமல் ஓடியது. இப்போது கரண்ட் போனால் ஒரு சோறு வேகும் நேரம்கூடத் தாங்குவதில்லை. பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. போன வாரம் அப்படி நின்றபோது இன்னாசியின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. நல்லவேளையாக உடனே கரண்ட் வந்தது.

ஐப்பசி பிறந்துவிட்டது. இனி மழையும் காற்றும்தான்.

போனில் கடைசியாக ஒரு ஆள் வந்து, டீலரைப் பார்க்கச் சொன்னான்.

மறுநாள் கொட்டை உடைக்கப் போகாமல், பக்கத்து வீட்டு ராஜலட்சுமியை இன்னாசிக்குத் துணை வைத்துவிட்டு, சொர்ணம் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். கடையில் சுவர் முழுக்க இன்வெர்ட்டர்கள் பச்சை விளக்கோடு எரிந்தன. கடைக்காரர் கோபிநாத் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"நாங்க விக்கிறதோட சரிம்மா. சர்வீஸெல்லாம் கம்பெனி பாத்துக்கும்."

"விக்கிறப்ப வீடு தேடி வந்தீங்களே?"

"அது டெலிவரிம்மா."

"கம்பெனியில ஒங்களத்தான் பாக்கச் சொல்றாங்க."

"அப்புடிச் சொல்லக் கூடாதே. இருங்க, நானே கேக்குறேன்" என்று அவர் தன் போனில் எண்ணைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று அந்தப் பெண் சொன்னாள். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்து மறுபடி தொடங்கியபோது கோபிநாத் போனை அணைத்தார்.

"லைன் பிஸிம்மா. நீங்க வீட்டுக்குப் போங்க, நான் சொல்லி ஆள் அனுப்புறேன்."

"வீட்டுக்காரரு ஆக்சிஜன்ல இருக்காருங்க."

"தெரியுதும்மா. அர்ஜென்ட்டுன்னு போடுறேன்."

அவர் போட்டாரோ என்னவோ, காலையில் வருவதாக ஒரு ஆள் போன் செய்தான். காலையில் வரவில்லை. மதியம் என்றான். மதியம் போனை எடுக்கவில்லை. மறுநாள் இலுப்பூர்ப் பக்கம் நிற்கிறேன், முடித்துவிட்டு வருகிறேன் என்றான். ஆள் வந்துவிடுவான் என்று சொர்ணம் வேலைக்குப் போகாமலே இருந்தாள். மேஸ்திரி வேறொருத்தியை அவள் இடத்தில் உட்கார வைத்துவிட்டார் என்று ராஜலட்சுமி வந்து சொன்னாள்.

ஆள் வந்தபோது பேர் செம்மல் என்று தெரிந்தது. சின்ன வயசு. தோளில் கம்பெனிப் பை. இன்வெர்ட்டரைத் திறக்கவில்லை. மீட்டரைப் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தான். குனிந்து, பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஜிகினாத் தாளை நகத்தால் சுரண்டினான்.

"அக்கா, இந்த பேட்டரி வெளிய எங்கயும் போச்சா?"

சொர்ணம் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து இன்னாசி முந்திக்கொண்டான்.

"அந்தோணியார் சப்பரத்துக்குக் குடுத்தது தம்பி. எங்க தெருச் சப்பரத்துக்கு ஒவ்வொரு வருசம் ஒரு வீட்டு பேட்டரி. போன திருநாளுக்கு நம்ம வீடு." மூச்சு வாங்கிக்கொண்டான். "லைட்டு ஒரு தடவகூட மங்கலயே. மேலத்தெருச் சப்பரம் பாதி வழியில அணைஞ்சுபோச்சு. நம்மது கோயில் வாசல் வரைக்கும் ஜெகஜோதியா போச்சு."

செம்மல் சிரித்தான். போனை எடுத்து எதையோ தட்டினான்.

"என்ன தம்பி எழுதுற?" என்றாள் சொர்ணம்.

"வெளி உபயோகம்னு போடணும்க்கா. வீட்டு பேட்டரியக் கழட்டி வெளியில குடுத்தா வாரண்டி நிக்காது. வேற பேட்டரிதான் வாங்கணும்."

"ஒரு ராத்திரி சாமிக்குக் குடுத்ததுய்யா. அதுக்கப்புறமும் மாசக்கணக்கா நல்லாத்தான ஓடுச்சு."

"எனக்குப் புரியுதுக்கா. சிஸ்டத்துக்குப் புரியாதே."

"இன்வெர்ட்டரத் தொறந்தாச்சும் பாரேன். கோளாறு அதுல இருந்தா?"

"பேட்டரிய மாத்துங்க. அப்பறமும் நின்னா அதப் பாக்கலாம். இப்ப ஒங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

"எதுக்கு?"

"நான் வந்து பாத்தேன்னு கம்பெனிக்குத் தெரியணும்லக்கா. இல்லாட்டி எனக்குச் சம்பளம் வராது."

அவன் வெயிலில் வந்த களைப்போடு, கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு நின்றான். சொர்ணம் எண்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். அவன் வண்டி தெரு முனையைத் தாண்டுவதற்குள் இன்னொரு செய்தி வந்தது. அவளுடைய புகார் தீர்க்கப்பட்டுவிட்டதாகவும், கம்பெனி நன்றி தெரிவிப்பதாகவும் இருந்தது.

மறுபடி போன் போட்டாள். கணுவால் இரண்டை அழுத்தினாள்.

"உங்க கம்ப்ளைன்ட் முடிஞ்சிருச்சுன்னு காட்டுது மேடம்."

"முடியலம்மா. நின்னது நின்னபடியே கெடக்கு."

"நீங்கதான் ஓடிபி குடுத்திருக்கீங்க மேடம்."

"அந்தப் பையன் கேட்டான், குடுத்தேன்."

"வேலை முடிஞ்சாத்தான் மேடம் ஓடிபி குடுக்கணும். இனிமே புதுசாத்தான் பதியணும். பேட்டரின்னா பேட்டரி கம்பெனிக்குப் பண்ணுங்க."

பேட்டரி கம்பெனியில் இன்வெர்ட்டர்காரரைக் கேட்கச் சொன்னார்கள்.

இன்னாசி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்" என்றான்.

"இல்லாததயா சொன்னீங்க. விடுங்க."

ராஜலட்சுமி மூலமாகத் தெருவுக்கு விஷயம் போயிற்று. சாயங்காலம் சப்பரக் கமிட்டி அருளப்பன் வந்து வாசலோடு நின்றார். எல்லா வீட்டிலும் சொல்லிப் புது பேட்டரிக்கு வழி பண்ணுவோம், இந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பேசுகிறேன் என்றார். சத்யபிரியாவிடம் சொன்னபோது அவள் போனிலேயே அழுதாள். பிறகு, அப்பாவை மூக்குக் குழாயோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். கம்பெனியின் இணையப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரிப் போடப் போவதாகச் சொன்னாள். இன்னாசி சட்டை போட்டுக்கொண்டுதான் எடுக்க வேண்டும் என்றான். சொர்ணம் போட்டுவிட்டாள். தலையும் சீவிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பகலில் காற்று கிளம்பியது. ரோட்டுப் புளியமரத்தில் ஒரு கிளை முறிந்து கம்பியில் விழுந்தது. இன்வெர்ட்டர் கத்தியது. அது நின்றதும் ஆக்சிஜன் மெஷின் கத்தியது. சொர்ணம் தெருவுக்கு ஓடினாள், உள்ளே ஓடினாள், விசிறினாள். ராஜலட்சுமி ஈபி ஆபீசுக்குப் போன் போட்டாள், அங்கே எடுக்கவில்லை. ஆட்டோ ஆதனக்கோட்டையிலிருந்து மழைக்குள் வர வேண்டியிருந்தது. வந்தபோது அருளப்பனும் இன்னொருவரும் இன்னாசியைத் தூக்கினார்கள். வாசப்படியைத் தாண்டுவதற்குள் அருளப்பன் நின்றுவிட்டார். "கட்டிலுக்கே கொண்டுபோவோம்" என்றார்.

மகன் எழிலரசன் சவுதியிலிருந்து வரும்வரை உடலை வைத்திருக்க வேண்டும் என்பதால் கண்ணாடிப் பெட்டி எடுத்து வந்து கட்டில் இருந்த இடத்தில் போட்டார்கள். மரத்தை அறுத்துப்போட்டுக் கரண்ட் விட்டிருந்தார்கள். ஆனாலும் நிலையாக இல்லை. கரண்ட் போனால் ஐஸ் கட்டிதான் வைக்க வேண்டும் என்று பெட்டிக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம், பந்தலுக்கு வெளியே கம்பெனிச் சட்டை போட்ட ஒருவர் வண்டியை நிறுத்தினார். செம்மல் இல்லை, வயதில் மூத்தவர். திருச்சியிலிருந்து வருவதாகச் சொன்னார்.

"ஆக்சிஜன் பேஷண்ட் வீடு, வேற வேலையப் போட்டுட்டு உடனே போகணும்னு மேலேர்ந்து சொன்னாங்க" என்றவர், பந்தலையும் செருப்புகளையும் பார்த்துக் குரலைக் குறைத்தார். "நான் அப்பறம் வாரேங்க."

ராத்திரியே ஓசூரிலிருந்து வந்துவிட்ட சத்யபிரியா சுவரில் சாய்ந்தபடி அவரைப் பார்த்தாள். கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள். சொர்ணத்தின் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

அருளப்பன்தான் எழுந்து போனார். "வந்தது வந்துட்டீங்க, பாத்துட்டே போங்க" என்றார். "பெட்டிக்குக் கரண்ட் வேணும். பையன் நாளைக்கித்தான் வாரான்."

திருச்சிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போனார். மூலையில் குத்தவைத்து இன்வெர்ட்டரின் மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து உள்ளங்கை அளவு போர்டு ஒன்றைக் கழற்றிப் பையிலிருந்து வேறொன்றை மாட்டினார். ஒருத்தி ஒப்பாரியை இழுத்து முடிக்கிற நேரம்தான் ஆனது.

"போர்டுதாங்க போயிருந்துச்சு. சார்ஜே ஏத்தல" என்று அருளப்பனிடம் மெதுவாகச் சொன்னார். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு. கொஞ்ச நேரம் ஏறட்டும்."

பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, ஆக்சிஜன் மெஷின் செருகியிருந்த இடத்தில் செருகினார். மெஷினைத் தூக்கி வாசல் பக்கம் வைத்தார்கள். குழாய் அதிலேயே சுற்றிக் கிடந்தது.

சாயங்காலம் மழை பிடித்தது. ராஜலட்சுமி வீட்டில் டீக்கு இஞ்சி அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸி பாதியில் நின்றது. பந்தலில் கட்டியிருந்த டியூப் லைட்டும் அணைந்தது. "கரண்ட் போச்சு" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு உள்ளே சின்ன விளக்கு மங்காமல் இன்னாசியின் முகத்தில் விழுந்தது. சொர்ணம் கறுத்த விரல்களைக் கண்ணாடி மேல் வைத்தபடி, அடியில் மோட்டார் சீராக ஓடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெரு முழுக்க இருட்டிய பிறகும் அது நிற்கவில்லை.