இரண்டாம் வரியில் ஒற்றைச் சொல்

முதலாளிக்கு உலகத்தில் ஆகாதது ஒன்றே ஒன்றுதான். தலைப்பின் இரண்டாம் வரியில் ஒரு சொல் தனியாக நிற்கக் கூடாது. கட்டுரையில் பிழை இருக்கலாம், படம் மங்கலாக இருக்கலாம், அதையெல்லாம் பெருந்தன்மையோடு விட்டுவிடுவார். 'நாற்பது வயதுக்கு மேல் முதுகுவலிக்கு நடைப்பயிற்சி' என்று முதல் வரி ஓடி முடிந்து, 'போதுமா?' மட்டும் கீழே விழுந்து கிடந்தால் மனிதருக்குச் சோறு இறங்காது.

“பாரு, கடைசி பஸ்ஸை விட்டவன் மாதிரி நிக்குது” என்பார்.

உடல்நலக் கட்டுரைகள் போடும் இணையதளம் அது. பக்கங்களில் எழுத்தின் அளவு, இடைவெளி, வரி அமைப்பெல்லாம் பார்ப்பவனுக்கு ஆபீஸில் கத்தரி என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. சேர்ந்த முதல் வாரத்தில், நல்ல பெயர் வாங்கும் ஆசையில், ஒரு தலைப்பை நடுவில் வெட்டி இரண்டு வரியும் சமமாக நிற்கும்படி செய்தான். முதலாளி எழுந்து வந்து தோளில் தட்டினார். அந்தத் தட்டோடு மாட்டிக்கொண்டான். அன்றிலிருந்து ஆறு வருஷமாக ஒவ்வொரு தலைப்பும் அவன் கைக்கு வந்து, வெட்டுப்பட்டுத்தான் வெளியே போகும். ஒன்பதாயிரத்துச் சொச்சம் தலைப்புகள். காய்ச்சலில் கிடந்தபோதும் வீட்டுக்கு அனுப்பி வெட்டி வாங்கிக்கொண்டார்கள்.

போன வருஷம் மனைவிக்கு வேறு நகரத்தில் வேலை கிடைத்தது. மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நிறுவனத்துக்கு அங்கேயும் ஒரு கிளை உண்டு, அதில் ஓர் இடமும் காலி. வெள்ளிக்கிழமை மாலைக்குள் இவனுடைய விடுவிப்புக் கடிதம் போய்ச் சேரவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள்.

“போப்பா, உன்னை என்ன கட்டியா போட்டிருக்கேன்?” என்றார் முதலாளி. “தலைப்பு வேலை யார் கையும் படாம தானா நடக்கட்டும். வெள்ளிக்கிழமை காலைல ஐம்பது தலைப்பு பார்ப்பேன். ஒண்ணுகூடத் தனியா நிக்கக் கூடாது. கையெழுத்துப் போட்டுடறேன்.”

நடக்காது என்று நினைத்துத்தான் சொன்னார். ஆனால் புதிதாக வந்த பிரௌசர்களுக்கு அந்த வித்தை தெரியும். பக்கத்தின் அலங்காரத்தைச் சொல்லும் கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். தலைப்பு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பிரௌசரே அளந்து, வரிகளை ஏறக்குறைய சம நீளமாகப் பிரித்துக்கொள்ளும். திரை அகலமானாலும் சுருங்கினாலும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

கத்தரி அந்த வரியை எழுதினான். முதலில் அலங்கோலமாகத்தான் வந்தது. அவனுடைய பழைய வெட்டு ஒரு பக்கம், பிரௌசரின் பிரிப்பு ஒரு பக்கம் என்று தலைப்புகள் படிக்கட்டு மாதிரி இறங்கின. அதனால் ஆறு வருஷ வெட்டுகளையும் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, ஒரே கட்டளையில் துடைத்தான். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தான். பசிதான் வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் மனைவிக்குப் போன் போட்டான்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது. ஒரே வரி.”

“ஆறு வருஷமா நீங்க செஞ்சதை ஒரு வரி செய்யுதா? அப்போ உங்களை இங்க எதுக்கு எடுக்கறாங்க?”

“வாயை மூடு. யார் காதிலயாவது விழப் போகுது.”

“பரண்ல ஒரு பெட்டிக்கு இடம் ஒழிச்சிருக்கேன். ரெண்டு கொண்டு வந்தீங்கன்னா ஒண்ணு தெருவுலதான்.”

மறுநாள் காலை முதலாளியின் அறையில், அவருடைய கம்ப்யூட்டரில் முதல் தலைப்பைத் திறந்தார்கள். கீழே ஒரு சொல் தனியாக நின்றது. இரண்டாவதிலும் நின்றது. ஐந்தாவதைத் திறக்கும்போது முதலாளி திரையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தார்.

திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி தெரிந்தது. 'புதுப்பிக்கவும்', 'பிறகு' என்று இரண்டு பொத்தான்கள். முதலாளி வருஷக்கணக்காக 'பிறகு' அழுத்திவந்த பிரௌசர் அது. புது வித்தையைக் கேள்விப்பட்டதே இல்லை. தனக்குத் தெரியாத வரியை அது பேசாமல் தாண்டிப் போனது.

தான் புது மெஷினில் மட்டுமே பார்த்து மகிழ்ந்திருந்தது கத்தரிக்கு அப்போதுதான் உறைத்தது. “சார், இது பழசு. என் லேப்டாப்ல பாருங்க, போன்ல பாருங்க. ஊர்ல எல்லாருக்கும் சரியா இருக்கு.”

“அப்போ நான் ஊர்ல இல்லையா?”

“இல்ல சார், இதை ஒரு தடவை புதுப்பிச்சா...”

அதற்குள் அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார். நாற்காலி காலியாக இருந்தது. கத்தரி உட்கார்ந்து, மவுஸ் அம்பை 'புதுப்பிக்கவும்' மேல் கொண்டுபோய் வைத்தான்.

“தம்பி, கையை எடு.”

வருகைப் பதிவு அக்கா வாசலில் நின்றாள். முப்பத்தெட்டு பேரின் வருகை, விடுப்பு, கடிதம் எல்லாம் அவள் பொறுப்பு.

“வருகைப் பதிவு மென்பொருள் இந்த மெஷின்ல, இந்தப் பழைய பிரௌசர்ல மட்டும்தான் ஓடும். செஞ்சு குடுத்தவன் கடையை மூடிட்டுப் போய் நாலு வருஷம் ஆச்சு. புதுப்பிச்சா படுத்துடும்.”

“படுக்கட்டும்க்கா. இன்னிக்கு ஒரு நாள்.”

“படுத்தா உன் விடுவிப்புக் கடிதத்தை எதுல அடிப்பேன்? சார் சரின்னு சொன்னப்புறம் நம்பர் போட்டு அதுலதான் வரும். நம்பர் இல்லாத கடிதத்தைக் கிளையில வாங்க மாட்டாங்க. உன் இஷ்டம்.”

அழுத்தினால் கடிதம் வராது. அழுத்தாவிட்டால் கையெழுத்து வராது. கத்தரி அம்பை நகர்த்தி 'பிறகு' அழுத்தினான். பெட்டி மறைந்தது.

முதலாளி திரும்பி வந்தார். கோபமே இல்லை, நிம்மதியாகத்தான் இருந்தார். “மெஷினை நம்பினா இப்படித்தான். பழையபடி போட்டுடு.”

“சார், படிக்கறவங்களுக்கு...”

“படிக்கறவன் என்கிட்ட வந்து குறை சொன்னானா? நான்தான் சொல்றேன்.”

மத்தியானம் பிரதியிலிருந்து ஒன்பதாயிரம் வெட்டுகளையும் திரும்பப் போட்டான். படிக்கட்டு மறுபடி வரக் கூடாதே என்று இன்னொரு விதியும் எழுதினான். வித்தை தெரிந்த பிரௌசர் வெட்டுகளை மறைத்துவிட்டுத் தானே பிரித்துக்கொள்ளும். தெரியாத பிரௌசருக்கு மட்டும் வெட்டுகள் தெரியும். பிறகு அன்று தளத்துக்கு வந்தவர்களின் பதிவைத் திறந்தான். பதினோராயிரம் பேர். அதில் வித்தை தெரியாத பிரௌசர் ஒன்றே ஒன்று. அது எந்த அறையில் இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை.

ஐந்து மணிக்கு மனைவி கூப்பிட்டாள்.

“கடிதம் அனுப்பிட்டாங்களா?”

“இல்ல.”

நடந்ததைச் சொன்னான். முடிந்ததும் கேட்டாள்.

“இனிமே நீங்க வெட்டறது ஒரே ஒரு ஆளுக்கா?”

“ஆமா.”

“அதை அவர்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். சந்தோஷப்பட்டாரு.”

“பரண்ல ஒழிச்ச இடத்துல குடையையும் பழைய போர்வையையும் வெச்சுக்கறேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்றைய கடைசித் தலைப்பு வந்தது. 'மூச்சு முட்டும்போது உடனே செய்ய வேண்டிய ஐந்து காரியங்கள்'. 'உடனே' என்ற சொல்லுக்குப் பின்னால் வெட்டினான். அவன் திரையில் ஒன்றும் மாறவில்லை. அங்கே வெட்டு மறைந்திருந்தது. சரியாக விழுந்ததா என்று பார்க்க முதலாளி அறைக்குத்தான் போக வேண்டும். போனான். அவர் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். தலைப்பு இரண்டு வரியும் அளந்து வைத்தாற்போல நின்றது.

“இதுதான் வேலை” என்றார்.

மூலையில் சின்னப் பெட்டி மறுபடி எட்டிப் பார்த்தது.

“அதை மூடுப்பா, கண்ணை உறுத்துது.”

கத்தரி 'பிறகு' அழுத்தினான்.