சார்ஜ் கம்மியா இருக்கும்மா

ஞாயிறு பூசை முடிந்து முதுநகர் வீட்டுக்கு வந்ததும் ஆரோக்கியம்மாள் ட்யூப்லைட்டை அணைத்தாள். சன்னலையும் சாத்தினாள். போனைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள். பதினோரு மணிக்கு மகன் எழிலன் வீடியோவில் வருவான்.

எழிலன் சிதம்பரத்தில், அண்ணாமலை நகரில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தான். சென்னை நிறுவனம் ஒன்றுக்கு அங்கிருந்தபடியே லேப்டாப்பில் வேலை. பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் அப்பா இறந்தபின் அவன் வருவது குறைந்துபோயிற்று. மற்ற நாட்களில் அவள் போன் அடித்தால் எடுப்பதில்லை. ஞாயிறு மட்டும் அழைப்பான். ஐந்து நிமிடம் ஆவதற்குள், "லேப்டாப்புல சார்ஜ் கம்மியா இருக்கும்மா, வச்சிடறேன்" என்பான்.

"ஒயர சொருகிட்டுப் பேசேன்டா."

"ப்ளக்கு கட்டிலுக்கு எட்டாதும்மா."

ஆரோக்கியம்மாள் அதை அப்படியே நம்பினாள். மகனுடைய பள்ளித் தோழன் அன்வரின் கடைக்குப் போய், சார்ஜ் நிற்க என்ன வழி என்று கேட்டாள். அவன் செல்போன், லேப்டாப் விற்பவன்.

"ஸ்கிரீன் வெளிச்சத்தக் கொறைக்கச் சொல்லுங்கம்மா. மெத்த மேல வச்சா சூடாயிடும், பேட்டரி சீக்கிரம் கெட்டுடும். சுத்தமா தீர்ற வரைக்கும் விடக் கூடாது. வீடியோதான் ஜாஸ்தி இழுக்கும்."

மகன் செய்ய வேண்டியதை மகனிடம் சொன்னாள். தன்னால் முடிந்ததைத் தானே செய்தாள்.

அவனிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. புதன்கிழமை ஆபரேஷன். கூட ஓர் ஆள் வந்தே ஆக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆள் இல்லாமல் இரண்டு தேதி போய்விட்டது. இந்த முறையும் வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று நர்ஸ் எச்சரித்திருந்தாள். எடுத்த எடுப்பில் சொன்னால் பிள்ளை பயந்துபோவானே என்று வேறு எதையாவது பேசத் தொடங்குவாள். அதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடும்.

எழிலன் வந்தான். திரையில் அவன் முகம் அவளுக்குப் பனிக்குள் நிற்பதுபோல் தெரிந்தது.

"என்னம்மா இருட்டா இருக்கு? கரண்டு இல்லியா?"

"இருக்குப்பா. நான்தான் அணைச்சேன். வெளிச்சம் கம்மியா இருந்தா ஒனக்கு சார்ஜ் நிக்குமில்ல? நீ பேசு. நான் பேசுனா ஜாஸ்தி இழுக்கும்."

அவள் தலைக்குப் பின்னால் தெரிந்த இருட்டு வீட்டைப் பார்த்துவிட்டு அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

"மீன் வாங்கினியாம்மா?"

"சங்கரா வந்துச்சு. கொஞ்சமா வாங்குனேன். அப்புறம் எழிலு, வர்ற பொதங்கெழம..."

"அம்மா, சார்ஜ் கம்மியா இருக்கு. வச்சிடறேன்."

அவனுடைய லேப்டாப்பில் தொண்ணூற்றொரு சதவிகிதம் சார்ஜ் இருந்தது. ஒயரும் சொருகியே இருந்தது. மூடி வைத்துவிட்டுப் படுத்து, ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று வேறு வேலை எதுவும் அவனுக்கு இல்லை. அப்பா இல்லாத அந்த வீட்டின் அமைதியைத் திரையில்கூட அவனால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் பகலில் அன்வர் அழைத்தான்.

"மச்சான், ஒன் லேப்டாப் மாடல் என்ன?"

"எதுக்குடா?"

"ஒங்கம்மா இப்பதான் கடைக்கு வந்துட்டுப் போறாங்க. ஒனக்குப் புது பேட்டரி வேணுமாம். எட்டு மாசம் முன்னாடி என்கிட்டதானடா வாங்குன? அதுக்குள்ள எப்படிப் போச்சு? என் கடைப் பேரையே கெடுத்துடுவ போல."

"அது வந்து..." என்று எழிலன் இழுத்தான்.

"பேட்டரி போகல, இல்ல?"

"போகல."

"அவுங்ககிட்ட நீயே சொல்லிக்க. என்னால ஆகாது."

அன்று சாயங்காலம் எழிலன் முதுநகரில் வந்து இறங்கினான். கதவைத் திறந்த ஆரோக்கியம்மாள், கையெட்டும் தூரத்தில் நின்றவனைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"யாருங்க?"

"நான்தாம்மா."

"எழிலா! என்னடா, லேப்டாப்பு சுத்தமா போயிடுச்சா?"

அவன் வாசலிலேயே நின்றான். "பேட்டரி நல்லாத்தாம்மா இருக்கு. எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு உள்ளே போய் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள்.

"அஞ்சு நிமிஷந்தான் இருப்பேன்னு சொல்லியிருந்தா, மீனப் பத்திப் பேசாம மொதல்லயே சொல்லியிருப்பேன்டா."

"என்னத்தம்மா?"

சொன்னாள். போய்விட்ட இரண்டு தேதிகளையும் சொன்னாள். அவன் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பொதங்கெழம நான் கூட வர்றேம்மா. கட்டு அவுக்கற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

"இரு." அவள் குரலில் கோபம் இல்லை. "ஆனா ஒண்ணு கேட்டுக்க எழிலு. நேரமில்லன்னா நேரமில்லன்னு சொல்லு, பேசப் புடிக்கலன்னா அதையும் சொல்லு. பெத்தவங்க தாங்கிக்குவோம். பொய்ய மட்டும் சொல்லாத. நாங்க அத நம்பிக்கிட்டு உக்காந்திருப்போம்."