ஒப்பீட்டு ரத்தம்

என் அம்மாவை ஆய்வகத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் நான்தான். எங்களுக்கு ரசாயனம் தொடாத ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

ஆய்வு, செருப்புத் தொழிற்சாலையில் பசை போடும் பெண்களைப் பற்றியது. பசையிலிருந்து கிளம்பும் பென்சீன் மூச்சு வழியாக உள்ளே போய், ரத்த அணுக்களின் குரோமோசோம்களை உடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். உடைப்பு எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கும். அதிகமா இல்லையா என்று சொல்ல, அதே வயதில், அந்த வேலை செய்யாத பெண்களின் ரத்தமும் வேண்டும். ஊசி என்றதும் ஒருத்தியும் கை நீட்டவில்லை. அம்மா நீட்டினாள்.

என்னோடு வேலை செய்கிறவள் ரத்தம் எடுத்தாள். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் அவளுக்குப் பெயரே 'கண்ணாடி'தான்.

"தொழிற்சாலை எதுலயாவது வேலை பாத்திருக்கீங்களா ஆன்ட்டி?"

"நான் எங்க வேலைக்குப் போனேன்? வீட்ல சும்மாதான் கிடக்கேன். இவளக் கேளு."

"ஆமா, சும்மாதான். என் உசுர வாங்கறது மட்டும்தான் வேலை" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம்.

ரத்தத்தைக் குப்பியில் வளர்த்து, செல்கள் பிரியப்போகும் நேரத்தில் நிறுத்தி, கண்ணாடித் தகட்டில் சொட்டவிட்டுச் சாயம் ஏற்றுவோம். மைக்ரோஸ்கோப்பில் குரோமோசோம்கள் நறுக்கிப் போட்ட நூல்துண்டுகள் போலத் தெரியும். எண்ணுகிறவளுக்கு அது யாருடைய ரத்தம் என்று தெரியக் கூடாது. தகட்டில் குறியீடு மட்டும்தான் இருக்கும்.

அந்தத் தகடு என்னிடம் வந்தது. ஒரு குரோமோசோமின் கை போன்ற ஒரு பக்கம் துண்டாகித் தனியே கிடந்தது. அடுத்த செல்லில் இரண்டு குரோமோசோம்கள் உடைந்து, ஒன்றின் முனை மற்றொன்றோடு தப்பாக ஒட்டியிருந்தது. தள்ளித் தள்ளிப் பார்த்தேன், வந்துகொண்டே இருந்தது.

"இந்தம்மா பசை டப்பாவுக்குள்ளயே குடியிருந்திருப்பாங்க போல" என்றேன்.

கண்ணாடி எட்டிப் பார்த்தாள். "பாவம்டி. நல்ல சர்வீஸ் போட்டிருக்காங்க."

எண்ணி முடித்த பிறகு, ஆய்வை நடத்தும் பேராசிரியர் குறியீடுகளைப் பிரித்தார். அந்த எண் வந்ததும் நிறுத்தினார். "இது ஒப்பீட்டுக் குழுவாச்சே" என்றவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்க அம்மாவோட ரத்தம்."

தகடு மாறியிருக்கும் என்று கத்தினேன். அதே ரத்தத்தில் இன்னொரு தகட்டைக் கண்ணாடி எண்ணினாள். அதிலும் அப்படியே இருந்தது.

"சிகரெட், புகையிலை பழக்கம் உண்டா? எக்ஸ்ரே நிறைய எடுத்தாங்களா?"

"எதுவும் இல்ல சார்."

"அப்போ கணக்குலேருந்து எடுத்துடலாம். ஒப்பீட்டுக்கு ஆகாத ஆள்."

ஆகாத ஆள். அந்த வார்த்தை சுருக்கென்று குத்திய பிறகுதான் அம்மாவின் விரல்கள் என் நினைவுக்கு வந்தன. நுனியெல்லாம் மஞ்சளாகக் காய்ந்து உரிந்திருக்கும் விரல்கள்.

"அவங்களும் பசை போடறவங்கதான் சார். வீட்ல."

"நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க தொழிற்சாலைன்னுதானே கேட்டீங்க! வீட்ல என்ன பண்றீங்கன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

பெரிய கோபம். ஆனால் கேட்டபோது பக்கத்திலேயே நின்று இளித்தவள் யார்?

நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மா செருப்புக்கு வார் ஒட்டுகிறாள். டெம்போக்காரர் மூட்டையையும் 'சொலூஷன்' என்கிற பசை டப்பாவையும் வாசலில் இறக்கிவிட்டுப் போவார். ஃபேன் போட்டால் பசை சட்டென்று ஆடை கட்டிவிடும், வார் நிற்காது. அதனால் எங்கள் முன்னறையில் எந்த வெயிலிலும் ஃபேன் ஓடாது. அவள் ஒட்டினாள், நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பென்சீனை ஆறு மூலையோடு அழகாக வரைந்து மதிப்பெண் வாங்கினேன். அது பக்கத்து அறையில் மூடி திறந்து இருக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. வேலைக்குச் சேர்ந்து சம்பளம் வாங்கிய பிறகும், அதை விடு என்று சொல்லவில்லை. அந்த வாசனை எனக்கு வீட்டு வாசனை.

அன்று மாலை போய்ச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"எனக்கா? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

"நோய் வந்துடுச்சுன்னு சொல்லலம்மா. உடைஞ்சிருக்கு. இப்படி உடைஞ்சவங்களுக்கு ரத்தத்துல நோய் வர வாய்ப்பு கூடுது. உனக்கு வருமா வராதான்னு யாராலயும் சொல்ல முடியாது."

"சொல்ல முடியாததுக்கு எதுக்குடி இவ்வளவு படிப்பு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள்தான் சிரித்தாள். பிறகு ஒரு வாரைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். பசை காய்ந்து வீணாகிப்போனது.

"உனக்கும் வந்திருக்குமா?"

"இது உடம்புச் செல்லுல நடக்கறதும்மா. உன் ரத்தத்துல உடைஞ்சது உன்னோடயே நிக்கும். பிள்ளைக்கு இறங்காது."

"இறங்க வேணாம். நீயும் இதே வீட்ல தானடி மூச்சு விட்ட?"

நான் மூடி திறந்திருந்த டப்பாவைப் பார்த்தேன்.

"நாளைக்கே உன் ரத்தத்தப் பாரு."

"நீ இத விடு, பாக்கறேன்."

"பெத்தவகிட்டயே பேரம் பேசறியா?"

"ஆமா."

டப்பாவின் மூடியை உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். டெம்போக்காரரைக் கூப்பிட்டு, இனி மூட்டை வேண்டாம் என்றாள். அவர் என்னவோ கேட்க, "என் பொண்ணு அடிக்க வரா" என்று போனை வைத்தாள்.

என் ரத்தத்தைக் கண்ணாடி எண்ணினாள். எல்லோருக்கும் இருக்கிற அளவுதான் இருந்தது. பேராசிரியர், வீட்டில் ஒட்டும் பெண்களைத் தனிக்குழுவாக எடுக்கலாம் என்றார். கொஞ்ச மாதம் கழித்து அம்மாவின் ரத்தத்தை மறுபடி எடுத்துப் பார்ப்போம், உடைப்பு குறையலாம் என்றும் சொன்னார். ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜைக்குள் என்ன நடந்திருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. எனக்கு நல்ல செய்தி, அவளுக்கு எப்படியோ யாருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அம்மா முதல் பாதியை மட்டும் காதில் வாங்கினாள். முகமெல்லாம் பல்.

"நான் நெனச்சேன்! உனக்கு ஒண்ணும் ஆயிருக்காதுன்னு."

"எப்படி நெனச்ச?"

"பின்ன? டப்பாவத் தொறக்கும்போதெல்லாம் நடுக்கதவச் சாத்திட்டுத்தானே உக்காருவேன். கீழ சந்துல துணிய வேற திணிச்சு வெப்பேன். அந்த நாத்தம் உன் பக்கம் வரக் கூடாதுன்னு."

நான் படிக்கத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று சாத்துகிறாள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் ஜன்னல் ஒன்றுதான். அது என் அறையில் இருக்கிறது. நடுக்கதவைச் சாத்தினால் பசைக்காற்று அவளோடுதான் நிற்கும்.

அதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.