மாம்பழ வாசனை டப்பா

அப்பாவின் சட்டைப் பைக்குள் விரல் விட்டுக் கடைச் சாவியை எடுத்தாள் மகள். கடைக்குப் போகும் சட்டையையே அம்மா அவருக்குப் போட்டுவிட்டிருந்தாள். சாவியை யாரும் கவனிக்கவில்லை. "கொஞ்சம் எடுத்துக்கறேன்ப்பா" என்றாள். கூடத்தில் கிடத்தியிருந்தவர், அவளோடு சண்டை போட்ட இரண்டு மாதமும் இருந்த அதே விட்டுக்கொடுக்காத முகத்தோடு இருந்தார்.

வாசலில் சுகாதார ஆய்வாளர் காத்திருந்தார். வாசனை சேர்த்த சிகரெட், புகையிலை விற்பதற்கு இன்று முதல் தடை. அப்பா நேற்று மாலை டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு சட்டத்தை இப்படி எதிர்க்க அவரால்தான் முடியும்.

"துக்க வீட்ல கேக்கக் கூடாதுதான். ஆனா பள்ளிக்கூடத்துக்கு எதிர் கடை. லைசென்ஸ் அவர் பேர்ல இருக்கு, சரக்கு இருந்தா அந்தப் பேர்லதான் கேஸ் எழுதணும்."

அந்தப் பள்ளியில் கணக்கு டீச்சர் அவள். தடை கேட்ட மனுவில் முதல் கையெழுத்தும் அவளுடையதுதான். கல்யாணமாகி நாலு தெரு தள்ளி இருந்தாலும், சாயங்காலம் தவறாமல் கடைக்கு வந்து ஒரு புகையிலை எதிர்ப்பு நோட்டீஸை மேசையில் வைப்பாள்.

"அந்த அலமாரிய எப்ப காலி பண்ணப்போறீங்க?"

"நீ உன் கணக்கப் பாரு. நான் என் கடையப் பாத்துக்கறேன்."

பக்கத்து சலூன்காரர் கத்தியை நிறுத்திவிட்டு இந்தச் சண்டைக்குக் காது கொடுப்பார். இப்போது அந்தச் சண்டையே அவளை அறுத்தது. கடைசியாகப் பேசியதும் அதுதான். போகிற மனிதரைக் கேஸோடு அனுப்பப்போகிறோமே என்று நினைத்தபடியே ஆய்வாளரோடு கடைக்கு நடந்தாள்.

ஷட்டரைத் தூக்கினாள். புதினா, திராட்சை, மாம்பழம் என்று டப்பாக்கள் தெருவைப் பார்த்து வரிசையாக நின்றன. ஆய்வாளர் ஒன்றை எடுத்தார். கனமே இல்லை. திறந்தால் உள்ளே கசங்கிய காகிதம். அடுத்ததிலும் காகிதம். எல்லாம் அவள் கொடுத்த நோட்டீஸ்.

சலூன்காரர் சீப்போடு வந்து நின்றார். "சரக்கத் திருப்பி அனுப்பி ரெண்டு மாசம் ஆச்சு டீச்சர். நீங்க மொத சண்ட போட்ட மறுநாளே. கேட்டு வந்தவங்ககிட்டல்லாம் தீந்துபோச்சுன்னுதான் சொன்னாரு."

"அப்ப டப்பா எதுக்கு?"

"நானும் கேட்டேன். இத எடுத்துட்டா எம்பொண்ணு நேரா அவ வீட்டுக்குப் போயிருவா, இங்க எதுக்கு வரப்போறான்னாரு. நசுங்காம இருக்கத்தான் காகிதம்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. ஆய்வாளர் 'சரக்கு இல்லை' என்று எழுதிக்கொண்டார். "காலி டப்பாவுக்கு சட்டம் கிடையாதும்மா."

வீட்டில் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னிக்கும் சண்டையா?"

"ஆமாம்மா. அவருதான் ஜெயிச்சாரு."

மாம்பழ டப்பாவிலிருந்து எடுத்து வந்த நோட்டீஸை முழங்காலில் வைத்து நீவினாள். நாலாக மடித்து, சாவி இருந்த பையில் வைத்துவிட்டு, நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.