முதலில் கொடு

“நடுவர் தப்பாவே சொல்லியிருந்தாலும் அந்தக் கட்டடக் கம்பெனிக்காரங்க நமக்குப் பணத்தக் கொடுத்துத்தான் ஆகணுமா?”

“ஆமாப்பா. முதல்ல கொடு, அப்புறம் சண்டை போடு. கட்டட வேலைக்குன்னே போட்ட சட்டம் அது.”

“அப்ப அவங்க எதுக்குக் கோர்ட்டுக்குப் போறாங்க?”

“நடுவர் சொன்னது சரியில்லன்னு சொல்றதுக்கு இல்லப்பா. அத கோர்ட்டு பாக்காது. அவர் அவங்க பக்கத்தக் காது கொடுத்தே கேக்கல, அதனால அவர் முடிவே செல்லாதுன்னு சொல்றதுக்கு.”

ஃபிலிமோனே ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். “அட்டப்பெட்டி அட்டப்பெட்டியா காகிதம் அனுப்பினவன், கேக்கலங்கறானா? முழுப் பன்னியையும் தின்னுட்டு, என்னைச் சாப்பிடவே கூப்பிடலன்னு சொல்ற விருந்தாளி மாதிரியில்ல இருக்கு!”

மகள் லூபேயும் சிரித்துவிட்டாள். சிரிப்போடு சிரிப்பாக, “அப்பா, உங்களுக்கு அப்புறம் கம்பெனிய நான் பாத்துக்கட்டுமா?” என்றாள்.

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கம்பெனியின் பெயர் ‘ஃபிலிமோனேயும் மகனும்’. வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பது போலவே, கம்பெனிக்கும் பெயர் வைத்தவர் அவருடைய அக்கா ஃபூசி.

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அக்கா வெச்சத நான் எப்படி மாத்தறது? நீயே கேட்டுப் பாரு.”

“அத்தைகிட்ட யாராவது ஒண்ணு கேப்பாங்களாப்பா?”

“அப்பக் காத்திரு.”

அப்படிக் காத்திருந்ததில் அப்பா போய்விட்டார். தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தவர், முடிச்சை முறுக்கக் குனிந்தார். நிமிரவில்லை.

இப்போது மிண்டோவிலிருந்த அவர்கள் வீட்டுக் கூடத்தில், அடுக்கடுக்காக விரித்த பாய்களின் மேல் படுத்திருந்தார். தலைமாட்டில் ஃபூசி அத்தை அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர்களுடைய தீவு வழக்கப்படி, சாவு வீட்டில் இறந்தவரின் அக்கா வைத்ததுதான் சட்டம். எந்தப் பாய் யாருக்கு, எந்தப் பன்றி எந்த வீட்டுக்கு என்பதெல்லாம் அவர் விரல் காட்டும் திசைதான். இறந்தவரின் பிள்ளைகளுக்கோ அன்று எல்லாருக்கும் கீழான இடம். அதற்கு அடையாளமாகக் கிழிந்து நைந்த பெரிய பாயைத் தலைக்கு மேல் வரும்படி சுற்றிக்கொண்டு, லூபே பின்கட்டில் குழியடுப்பின் சூட்டுக்கற்களைக் கிளறிக்கொண்டிருந்தாள். முகம் பாதி தெரிந்தது; மீதியைப் புகை மறைத்தது.

தம்பி விலி வந்து சற்றுத் தள்ளி நின்றான். அக்காவிடம் பேசும்போது நேராகப் பார்க்கக் கூடாது என்பதால் வேலியைப் பார்த்தே பேசினான்.

“கிரேக் வந்திருக்காரு. பாதி தர்றாங்களாம். திங்கக்கிழமை கேஸுக்கு முன்னால கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சிடும்ங்கறாரு.”

கிரேக், பணம் தர வேண்டிய அந்தக் கட்டட நிறுவனத்தின் கணக்கு வழக்குகளைப் பார்ப்பவன். லூபே அவனோடு தொலைபேசியில் சண்டை போட்டிருக்கிறாளே தவிர, அவன் அவளை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

“நீ என்ன சொன்ன?”

“வாங்கிட்டு கம்பெனிய மூடிடலாம்னு இருக்கேன். எனக்கு பிரிஸ்பேன்ல வேல இருக்கு. நான் கம்பி கட்டறவன் இல்லக்கா.”

“மூடினா மீதிய எந்தக் காலத்துலயும் கேக்க முடியாது விலி. இழுத்தடிச்சா நாமளே விழுந்துடுவோம்னுதான் அவங்க கோர்ட்டுக்கே போனாங்க. கலைஞ்ச கம்பெனி அந்தச் சட்டத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்க முடியாது. அப்பா கூட வேல செஞ்ச அத்தன பேருக்கும் நாம என்ன பதில் சொல்றது?”

“அப்பாவே இல்ல. இனிமே யாரு நிக்கறது?”

‘நான் நிக்கறேன்’ என்பது லூபேயின் நாக்கு நுனிவரை வந்தது. பெயர்ப் பலகையில் இருக்கும் ‘மகன்’ அவன்தான். அவள் குனிந்து கல்லைப் புரட்டினாள்.

கூடத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது. “வந்த வெள்ளைக்காரன வெறுங்கையோட அனுப்பாதீங்க! ஒரு பன்னிய வண்டியில ஏத்துங்க!”

வெந்த பன்றியைத் தட்டோடு தூக்கிக்கொண்டு லூபே வாசலுக்குப் போனாள். கறுப்புக் கோட்டு போட்ட கிரேக் வண்டியில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான். பாய்க்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் சமையல்காரிக்காக யாரும் குரலைத் தணிப்பதில்லை. அவனும் தணிக்கவில்லை. பேசிக்கொண்டே வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டான்.

“...பையனுக்கு இதுல மனசே இல்ல. எதுக்குக் கோர்ட்டு வரைக்கும்? நமக்குள்ள சொல்றேன், அங்க போனா நாம தோத்துடுவோம். நடுவர் நம்ம பேப்பர் எல்லாத்தையும் படிச்சு, பக்கம் போட்டு எழுதியிருக்காரு. கிழவன் செத்தது நமக்கு நல்லதாப் போச்சு. வாரக் கடைசிக்குள்ள மூடிடுவாங்க.” போனை அணைத்துவிட்டு அவளைப் பார்த்தான். “ரொம்ப நன்றிம்மா. எதுக்கு இவ்வளவு பெருசு?”

“எங்க வழக்கம். முதல்ல கொடுத்துடுவோம்” என்றாள் லூபே. “தட்ட நேரா வெச்சிருக்கேன் கிரேக். கொழுப்பு சிந்தும். வளைவுல மெதுவாப் போங்க.”

அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். மாதக்கணக்கில் காதில் கேட்ட குரல்.

“லூபே? நீங்களா... நான்... உங்க அப்பாவப் பத்தி அப்படி...”

“உங்க பக்கத்த யாருமே கேக்கலன்னுதானே வழக்கு? இப்ப நான் முழுசாக் கேட்டுட்டேன். திங்கக்கிழமை பாப்போம்.”

பின்கதவை அவளே அறைந்து சாத்தினாள். தெருவில் நின்றிருந்த சர்ச் பேண்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உள்ளே வந்தபோது முடி வெட்டும் நேரமாகியிருந்தது. அப்பாவுக்காக மகள் முடி கொடுக்க வேண்டும். அத்தைதான் வெட்ட வேண்டும். லூபே தவழ்ந்துபோய் அத்தையின் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பாயைத் தோளுக்கு இறக்கினாள். எதிரே அப்பாவின் கைகள் தெரிந்தன. கழுவித் துடைத்து எண்ணெய் பூசியும், கம்பி கிழித்த தழும்புகள் அப்படியே இருந்தன.

“ஒரே புகை நாத்தம்” என்றார் அத்தை, பின்னலைக் கையில் சுற்றிக்கொண்டே. “இந்த முடிய எண்ணெய் வெச்சுப் பின்னி விடச் சொல்லி உங்கப்பன் என் வீட்டுக்குத் தூக்கிட்டு வருவான். நீ கத்தற கத்தல்ல தெருவே கூடும். அழணும்னா அழுதுக்கோ. ஆனா ஆடாதே. கோணலாப் போயிடும்.”

லூபே அழவில்லை.

விலி கதவோரம் தலைகுனிந்து நின்றான். அத்தை ஒன்று சொல்லிவிட்டால் அவன் மறுபேச்சுப் பேசமாட்டான். அந்தக் கூடத்தில் ஒருவரும் பேசமாட்டார்கள். கத்தரிக்கோல் கழுத்தருகே குளிர்ந்தது. கறகறவென்று முதல் பிடி முடி அறுந்தது.

அந்த இடத்தில் உட்கார்ந்து எவரும் வாய் திறந்ததில்லை. லூபே தலையை நிமிர்த்தினாள்.

“அத்தை.”

கத்தரிக்கோல் பாதிப் பின்னலில் நின்றது.

“ஆடாதேன்னு சொன்னேன்ல?”

“கம்பெனிக்கு நீங்க வெச்ச பேர மாத்துங்க அத்தை. கம்பெனிய என் கையில குடுங்க.”