டாக்டர் ராட்சசி

அக்காவின் பல் கிளினிக்கில் நாற்காலி புதிது, கருவிகள் புதிது, வருகிற ஆள்தான் இல்லை. போனில் நேரம் கேட்டு வாங்குவார்கள்; அந்த நேரம் வந்ததும் பயத்தில் வலி போய்விட்டது என்பார்கள். இப்படியே போனால் கடையைக் கட்டிவிட்டுப் பழைய மருத்துவமனைக்கே திரும்ப வேண்டியதுதான் என்று அக்கா சொன்னபோது எனக்குப் பாவமாக இருந்தது.

"நான் இருக்கேன்ல" என்றேன். புரோகிராம் எழுதுவது என் பிழைப்பு. நேரம் வாங்கியவர்களுக்கு முந்தின நாளே நினைவூட்டல் அனுப்ப ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அதில் அக்காவின் பெயரைத் தட்டச்சு செய்யச் சோம்பல். கம்ப்யூட்டருக்குள் எந்தப் பெயரில் நுழைகிறோமோ, அதை என்விரான்மென்ட் வேரியபிள் என்று ஒரு மூலையில் அதுவே குறித்து வைத்திருக்கும். அந்தப் பெயரை எடு. முன்னால் 'நாளை உங்கள் பல்லை டாக்டர்', பின்னால் 'பார்ப்பார்'. கூட்டல் குறி போட்டு ஒட்டு. முடிந்தது வேலை. என் லேப்டாப்பில் ஓட்டினேன், என்னையே டாக்டராக்கிக் காட்டியது. அந்தச் சந்தோஷத்தில் அக்காவின் கம்ப்யூட்டரில் ஒரு தடவைகூடச் சோதிக்காமல் போட்டுவிட்டு வந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தவர் அத்தான். திறந்ததும் தானாக உள்ளே போய்விடும். அவர் என்ன பெயர் வைத்தார் என்று அக்கா பார்த்ததே இல்லை.

மறுநாள் மாலை போனால் கிளினிக்கில் உட்கார இடமில்லை. ஒரு டாக்சி ஓட்டுநர் போனை நீட்டினார்: 'நாளை உங்கள் பல்லை டாக்டர் ராட்சசி பார்ப்பார்.'

"இவ்ளோ ஓப்பனா சொல்ற டாக்டர நான் பாத்ததில்ல. யாருன்னு பாக்கத்தான் வந்தேன்" என்றார்.

அக்கா வந்து படித்தாள், என்னை முறைத்தாள். நான் கம்ப்யூட்டர் பக்கம் நின்ற அத்தானைப் பார்த்தேன். அத்தான் சுவரைப் பார்த்தார்.

"நான் எழுதலக்கா. உன் கம்ப்யூட்டர்ல இருக்கற பேர எடுத்து ஒட்டியிருக்கு."

"ஆசையா வெச்சதுதான்" என்றார் அத்தான், சத்தமே வராமல்.

"பேர் வெச்சவரு பல்ல மொதல்ல பாருங்க டாக்டர்" என்றார் ஓட்டுநர்.

கல்யாணமான நாளிலிருந்து அத்தான் அந்த நாற்காலிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அவருடைய கடைவாய்ப் பல் ஒன்று ஆடுவது வீட்டுக்கே தெரியும்.

"உள்ள வாங்க" என்றாள் அக்கா.

கதவைச் சாத்தக் கூட்டம் விடவில்லை. ஊசி போட்டு, ஏதேதோ பேசி, அவரைச் சிரிக்கவும் வைத்தாள்.

"எப்ப புடுங்குவ?" என்று மரத்துப்போன வாயோடு கேட்டார்.

"புடுங்கியாச்சு" என்று தட்டைக் காட்டினாள்.

வாசலில் எட்டிப் பார்த்தவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஓட்டுநர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார். "அடுத்தது நான்."

நான் அக்காவின் காதருகே போனேன். "இப்பவே பேர மாத்திடறேன்க்கா."

அக்காவின் கையில் இன்னும் குறடு இருந்தது.

"அதுல கை வெச்சே, அடுத்த பல்லு உன்னோடது."